முப்பதாம் தேதிக்குள்

1994 செப்டம்பர் 5, திங்கள்

வெயில். ஆவணி பாதி தாண்டியும் சித்திரை போலவே. குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாள்.

காலை ஷிப்டு மாறும்போது மில் போர்டில் நோட்டீஸ். விருப்ப ஓய்வு. தொழிலாளி, ஆபீஸ் ஸ்டாஃப் எல்லாருக்கும். வேலை பார்த்த வருடக் கணக்குக்கு மொத்தமாக ஒரு தொகை. விண்ணப்பத்தை முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் டைம் ஆபீசில் கொடுக்க வேண்டும். டைம் ஆபீஸ் என்றால் நான். முப்பத்திரண்டு வருடமாக இந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், வெளியே போனார் என்று எழுதுகிறவன்.

பசை காய்வதற்குள் ஜன்னலில் ஐம்பது தலை. "சார், இதுக்குப் பேரு விருப்பமா? கழுத்தப் புடிச்சுத் தள்ளுறதுக்குப் பேரு என்னவாம்?" என்றான் ஃபிட்டர் முத்தையா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வரவில்லை.

நோட்டீசின் கீழே கையெழுத்து ஜெயபால், பெர்சனல் ஆபீசர். 1974இல் என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மஸ்டர் ரோல் என்கிற வருகை, சம்பளப் பதிவேடு எழுதப் பழகியவன். நான் பி.ஏ. அவன் அப்போது பி.யு.சி. அவன் லீவு லெட்டருக்கு இங்கிலீஷ் திருத்தியது நான். இன்று அவன் கையெழுத்துக்குக் கீழே நான்.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய். தலையணை உறை இரண்டு. சேவு வேண்டாம், மனைவி தனத்துக்கு உப்பு ஆகாது. எதிரில் வைத்துத் தின்ன எனக்கும் மனசில்லை.

செப். 6, செவ்வாய்

நான் சொல்வதற்குள் தனத்துக்குத் தெரிந்துவிட்டது.

"மில்லுல ஆளக் கொறைக்கப் போறாகளாமே."

"யார் சொன்னது?"

"தண்ணி லாரி வந்துச்சு. அங்ஙன பூராம் அதே பேச்சுத்தான். நீங்க எழுதிக் குடுக்கப் போறீகளா?"

பார்க்கலாம் என்றேன். இரண்டு குடம் தூக்கியிருக்கிறாள். தூக்காதே என்று டாக்டர் சொல்லிப் பல வருடம். சொன்னால் கேட்பதில்லை. மூச்சு இரைந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

என் நிலைமை, யாரும் கேட்காவிட்டாலும் எழுதி வைக்கிறேன்.

போனால்: மொத்தத் தொகை. பி.எஃப். இன்சூரன்ஸ் கார்டு போய்விடும்.

இருந்தால்: மாதச் சம்பளம். கார்டு. ஆனால் மில் இருக்குமா?

கார்டு போனால்: மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, மூன்று வகை மாத்திரை, மதுரையில் இதய வால்வு ஆபரேஷன். ஆபரேஷன் பட்டியலில் தனம் பெயர் இருக்கிறது. "தீபாவளிக்குப் பெறகு கூப்பிடுவோம்" என்றார்கள். எந்தத் தீபாவளி என்று கேட்டிருக்க வேண்டும். தொழிலாளர் இன்சூரன்ஸ் என்பதால் என் கார்டில் அவளுக்கும் எல்லாம் இலவசம். பதினோரு வருடமாக.

எனக்கு 53. ரிடையர் ஆக ஐந்து வருடம் இருக்கிறது. அவள் இதயத்துக்கு எத்தனை வருடம் என்று யாரும் எழுதித் தரவில்லை.

செப். 9, வெள்ளி

விநாயகர் சதுர்த்தி. திருச்சுழியிலிருந்து தம்பி ராமசாமி ஒரு தூக்குவாளிக் கொழுக்கட்டையோடு வந்தான். தாலுகா ஆபீசில் வேலை. நான் மதுரையில் எம்.ஏ. சேர்வதாக இருந்த வருடம் அப்பாவுக்கு ஒரு பிள்ளையைத்தான் படிக்க வைக்க முடிந்தது. நான் மில்லுக்கு வந்தேன். அவன் படித்தான். அதைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை. மறந்துவிட்டான், அவ்வளவுதான்.

"அண்ணே, கவருமெண்டு உத்தியோகம்னா இந்த ரோதனையே இல்ல. பென்சன் வரும், ஆஸ்பத்திரிச் செலவும் வாங்கிக்கிரலாம்."

தெரியும் என்றேன்.

"மில்லு நாளைக்கே மூடுனா நாமம்தான். இப்பவே மொத்தமா வாங்கி பேங்குல போட்டுட்டு வட்டியில உக்காந்து சாப்புடுங்கண்ணே."

உள்ளேயிருந்து தனம்: "ஏந் தம்பி, அந்த வட்டி வந்து எனக்கு ஊசி போடுமா?"

"மதினி பேச்சப் பாரு!" என்று சிரித்தான். நான்கு மணி பஸ்சுக்குப் போய்விட்டான். தூக்குவாளியை மறக்காமல் எடுத்துக்கொண்டு.

செப். 12, திங்கள்

ஊசி நாள். இன்சூரன்ஸ் டிஸ்பென்சரியில் பெஞ்சில் இடமில்லை, தனம் படியிலேயே உட்கார்ந்தாள். வேலையை விட்டால் கார்டு எத்தனை நாள் செல்லும் என்று விசாரித்தேன்.

கம்பவுண்டர்: "விட்ட அன்னைக்கே செத்துரும் சார்."

சீட்டு எழுதுகிறவர்: "யாரு சொன்னா? கட்டுன காசுக்கு ஆறு மாசம் ஓடும்."

டாக்டர், நிமிராமல்: "அதெல்லாம் மதுரை ஆபீசுல கேளுங்க. அம்மா, நாக்க நீட்டுங்க."

எனக்குப் பின்னால் நின்ற ஆள் தானாகவே சொன்னான்: "எங்க மாமன் வேலைய விட்ட மறு வாரம் கார்டப் புடுங்கிட்டாகய்யா."

கார்டு என்ன ஆகும் என்று திரும்பும் வழியில் தனம் கேட்டாள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

செப். 15, வியாழன்

மதுரை. லீவு போட்டுவிட்டு. காரியாபட்டி வரை நின்றுகொண்டே பயணம். இன்சூரன்ஸ் ஆபீசில் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தபின் ஒரு சின்ன வயசுக் கிளார்க்.

"ஆப்பரேசன் தேதி போட்ட லெட்டர் இருக்கா?"

"இல்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது."

"தேதி வந்துட்டா அது வேற. வராட்டி வேற."

"எப்படி வேறு?"

"எழுத்து மூலமாக் கேளுங்க சார். எழுத்து மூலமாச் சொல்லுவோம்."

அங்கேயே நின்று எழுதினேன். நல்ல தமிழில், பிழையில்லாமல். வாங்கி ஒரு கட்டின் மேல் வைத்தான். பதில் எப்போது வரும்? "வரும்." கட்டின் அடியில் இருந்த காகிதங்கள் மஞ்சளாக இருந்தன.

வெற்றிலைக் காம்பு தின்னும் ஒரு ஆடு பஸ் ஸ்டாண்டில். அதைப் பார்த்தபடி அரை மணி.

செப். 18, ஞாயிறு

இனி ஒட்டுறவு வேண்டாதவர்கள்:
1. ஜெயபால் (இனி வெறும் ஜெ.).
2. ராமசாமி (பொங்கலுக்கு மட்டும் பேசலாம்).
3. பழைய மேனேஜர். இறந்து ஆறு வருடம் ஆகிறது, இருந்தாலும்.
4. எதிர்வீட்டு ரேடியோ.

தனம் எட்டிப் பார்த்தாள். "என்ன சிட்டையா?" மளிகை என்றேன்.

செப். 20, செவ்வாய்

ஜெ. கூப்பிட்டு அனுப்பினான். அவன் அறையில் ஃபேன் சத்தமில்லாமல் சுற்றுகிறது. "உக்காருங்க சார்." இன்னும் சார்தான். அந்த மரியாதைகூட எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

எனக்கு வரக்கூடிய தொகையைக் கணக்குப் போட்டு வைத்திருந்தான். முத்தையாவுக்கு வருவதைவிடக் குறைவு. தப்பு இருக்கிறது என்றேன்.

"தப்பு இல்ல சார். ரோல் சம்பளத்தத்தான் எடுத்துக்கிருவாக. வவுச்சர்ல வாங்குனது கணக்குல வராது."

"ஏன் வராது?"

அவன் என் ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தான். என் கையெழுத்து. மூன்று கடிதம்.

எழுதித் தொலைக்கிறேன். இன்சூரன்சுக்குச் சம்பள வரம்பு ஒன்று உண்டு. அதற்கு மேல் வாங்குகிறவனுக்குக் கார்டு கிடையாது. 1983இல் தனத்துக்கு வால்வு சுருங்கியிருப்பது தெரிந்த மாதமே எனக்கு இன்கிரிமெண்ட் வந்தது. அதை வாங்கினால் வரம்பைத் தாண்டுவேன். பழைய மேனேஜரிடம் போய் வேண்டாம் என்றேன். "ரோல்ல வரம்புக்குக் கீழயே வச்சுக்கிருவோம். மிச்சத்த பஸ் படின்னு வவுச்சர்ல வாங்கிக்க. ஆனா நீயா எழுதிக் குடுத்துரணும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். 1986இல் பெர்சனல் ஆபீசர் வேலையை முதலில் எனக்குத்தான் கொடுத்தார்கள். அதையும் வேண்டாம் என்று எழுதினேன். பிறகுதான் ஜெ.யைக் கூப்பிட்டார்கள். 1990இல் மறுபடி ஒரு இன்கிரிமெண்ட் வேண்டாம் என்று இன்னொரு கடிதம்.

தனத்துக்குத் தெரியாது. அந்த ஃபைலைத் திறந்தவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து 1986 டைரியை எடுத்தேன். "எனக்குப் பின்னால் வந்தவன் எனக்கு மேலே போகிறான். முதலாளிமாருக்குக் கண் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். நான் மறுத்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. யாரும் படிக்காத நோட்டில் யாரை ஏமாற்றினேன்?

செப். 22, வியாழன்

ஜெ. வீட்டுக்கு வந்துவிட்டான். ஆப்பிள் ஒரு பை. வாசலில் அவன் ஸ்கூட்டர் நின்றதைப் பார்த்ததும் தனத்தின் முகம் மாறியது. எட்டு வருடமாக அவன் பெயரைக் கேட்டாலே அப்படித்தான். அந்த முகத்தைச் செய்தது என் பேச்சு.

"அக்கா, ஒடம்பு எப்புடி இருக்கு?"

"இருக்கு. எங்க வீட்டுக்காரரு நாற்காலியில உக்காந்துக்கிட்டு, இப்ப அவுகளையே வெளிய போகச் சொல்றீகளே, அது மட்டும் எப்புடி இருக்குன்னு நீங்க சொல்லுங்க."

நான் குறுக்கே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. ஜெ. என்னைப் பார்த்தான். நான் ஆப்பிள் பையைப் பார்த்தேன்.

"அக்கா, கோவிச்சுக்காதீக. அந்த நாற்காலிய சார்தான் வேணாம்னு எழுதிக் குடுத்தாரு. ஒங்க இன்சூரன்ஸ் கார்டு போயிரும்னு. சம்பள உயர்வு வேணாம்னதையும் சேத்து மூணு லெட்டரு. ஃபைல்ல இருக்கு."

எதிர்வீட்டு ரேடியோவில் உர விளம்பரம்.

தனம் உள்ளே போனாள். வர மாட்டாள் என்று நினைத்தேன். டம்ளரில் தண்ணீரோடு வந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் முழுதும் குடித்துவிட்டுப் போனான்.

அதன் பிறகு அவள் பேசவில்லை. சாப்பாடு வைத்தாள். மோர் வைத்தாள்.

செப். 23, வெள்ளி

வானம் மூட்டம். மழை இல்லை. வடக்கே எங்கோ பிளேக் என்று பேப்பர் முழுக்க. மருந்துக் கடையில் மாத்திரைக்குக் கூட்டம்.

மதியம் சாப்பிட வந்தபோது பேசினாள். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்காகச் செஞ்சத எங்கிட்டயே மறைச்சுட்டு, எனக்கு முன்னாலயே உக்காந்து இத்தன வருசமா ஊரத் திட்டுனீகளே. ஒங்களுக்காக நானும் சேந்து திட்டுனேனே. கோயில்ல அந்த ஜெயபாலு பொண்டாட்டி பாத்துச் சிரிக்கும். மூஞ்சியத் திருப்பிக்கிருவேன். அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"அந்த வேலைய வாங்கிக்கிருங்கன்னு சொல்லிருப்பேன். அந்தச் சம்பளத்துல ஊசி என்ன, ஊசிக்கு மேலயும் பாத்திருக்கலாம்ல. கணக்குப் போட்டுப் பாத்தீகளா?"

"ஆபரேஷனுக்கு..."

"ஆப்பரேசன் பேச்சு வந்தது போன வருசம். நீங்க வேணாம்னது எப்ப?"

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகும்போது சொன்னாள்: "அந்தக் கார்டு என்னைய மட்டுமா காப்பாத்துச்சு. ஒங்களையும்தான்."

மத்தியானம் முழுதும் மஸ்டர் ரோலில் கூட்டல் தவறியது.

உண்மையை எழுதினால் என்ன. 1983இல் கணக்குப் போட்டேன். 1986இல் போடவில்லை. பெர்சனல் ஆபீசர் என்றால் யூனியன்காரர்களுக்கும் முதலாளிக்கும் நடுவில் நிற்க வேண்டும். கேட்டில் கொடி பிடித்து என் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். எனக்கு அது முடியாது. கார்டு இருந்தது, அதைச் சொல்லிக்கொண்டேன். அவள் நோய் எனக்கு வசதியாக இருந்தது என்று எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

செப். 27, செவ்வாய்

இதுவரை 61 விண்ணப்பம். பாதிப் பேருக்கு நான்தான் ஃபாரம் நிரப்பினேன். ஒவ்வொருவனும், "நீங்க என்ன சொல்றீக சார்? குடுக்கவா, வேண்டாமா?" பொறுங்கள் என்று பதினைந்து பேரிடம் சொல்லியிருப்பேன். ஒருவரும் பொறுக்கவில்லை.

முத்தையா இன்று கொடுத்தான். மல்லாங்கிணறில் சைக்கிள் கடை வைக்கப் போகிறானாம்.

"கார்டு போயிருமே?" என்றேன்.

"எங்க வீட்டுல சீக்காளி யாரும் இல்ல சார்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "தப்பா எடுத்துக்காதீக."

மாலையில் நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின் இரண்டைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். ரிப்பேருக்காம். கேட் பாஸ் எழுதியது நான். 'திரும்பி வரும்' என்ற கட்டத்தில் டிக் போட்டுத் தர வேண்டும். டிரைவரைக் கேட்டேன். "எங்க சார் திரும்பி வர? அங்க வெல பேசி முடிச்சாச்சு." கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன்.

மதுரையிலிருந்து பதில் இல்லை.

செப். 29, வியாழன்

உடம்பெல்லாம் கசகசப்பு. இடி மட்டும்.

தனமே ஆரம்பித்தாள்.

"நாளைக்குத்தான கடைசி?"

"ஆமாம்."

"இந்த ஒரு தடவையாச்சும் எங்கிட்டக் கேட்டுட்டுச் செய்யுங்க."

கேட்டேன். கல்யாணமாகி முப்பது வருடத்தில் இப்படி உட்கார்ந்து எதையும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. "என்ன செய்யலாம்?" என்றேன், ஏதோ பஸ் ஸ்டாண்டில் ஆள் கேட்பது மாதிரி.

"மிசுனக் கழட்டுறாகன்னு நீங்கதான சொன்னீக. மில்லு போச்சுன்னா சம்பளமும் போகும், கார்டும் போகும், இந்தத் துட்டும் போகும். குடுத்துருங்க."

"ஆபரேஷன்?"

"கூப்புட்டா போவோம். கூப்புடாட்டி இப்ப இருக்குறாப்புல இருப்பேன்."

"இப்போது இருப்பதே..."

"நீங்க வேலையில இருந்துட்டா மட்டும் நாளைக்கே கூப்புட்டுருவாகளா?"

அவள் சொன்னதில் ஓட்டை எங்கே என்று தேடினேன். எதிர்த்துப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்காக அது சரி என்று ஆகிவிடாது. இரண்டு பக்கமும் பள்ளம். எந்தப் பக்கம் விழுவது என்று மட்டும்தான் எங்களைக் கேட்கிறார்கள்.

ராமசாமியிடமும் கேட்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம்.

செப். 30, வெள்ளி

கடைசி நாள். 4.10 வரை 88. என் விண்ணப்பம் மேசை டிராயரில்.

4.30. மூன்று பேர். 91.

4.50. யாரும் இல்லை. டிராயரைத் திறந்தேன். மூடினேன். 

4.55. தேதி முத்திரை போட்டேன். 92. பெயர், டோக்கன் எண், பிரிவு. 'பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்திலும் என் கையெழுத்து, 'கொடுத்தவர்' என்ற இடத்திலும் என் கையெழுத்து. பதிவேட்டில் கோடு போட்டு ஜெ.க்கு அனுப்பினேன்.

வீட்டுக்குப் போய், கொடுத்துவிட்டேன் என்றேன். "சரி" என்றாள். பிறகு, "நாந்தான் சொன்னேன்னு பின்னால சொல்லக் கூடாது, ஆமா" என்றாள்.

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்வேனோ என்று பயமாக இருக்கிறது. என்னை எனக்குத் தெரியும்.

அக். 1, சனி

92 பேரையும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு ஆளைக்கூட இருங்கள் என்று சொல்லவில்லை.

ஜெ. அறையில் ஒப்படைப்பு. சாவிகள். தேதி முத்திரை. பதிவேடுகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் ஒரு டிக். கடைசி வரி: இன்சூரன்ஸ் கார்டு.

சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்கத்தான் கையை வைத்தேன்.

"தொலைந்துவிட்டது" என்றேன்.

ஜெ. என் பையைப் பார்த்தான். மெல்லிய வெள்ளைச் சட்டை, உள்ளே இருப்பது தெரியும். பேனாவை என் பக்கம் நகர்த்தினான். "அப்படியே எழுதிக் குடுத்துருங்க சார்." எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்க்காமலே ஃபைலில் குத்தினான். எழுந்து நின்று கும்பிட்டான். இவனை இனி எப்படித் திட்டுவது?

தனத்திடம் கார்டைக் காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"செல்லுமா?"

"தெரியாது."

"செல்லாதுன்னுட்டா?"

"திரும்பி வந்துருவோம்."

திங்கட்கிழமை ஊசி. எட்டு மணிக்கு முன்னால் போய்விட வேண்டும். அப்போது கூட்டம் இருக்காது, கார்டு செல்லாது என்று கம்பவுண்டர் சத்தம் போட்டாலும் நாலு பேர்தான் பார்ப்பார்கள்.